நக்கிள்பால் வீசப் பழகுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பேஸ்பாலில் நக்கிள்பால், அதாவது சுழலாமல் மெதுவாக வந்து காற்றில் தடுமாறும் பந்து, வீசக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. அவற்றில் முதல் ஐந்து மாதங்கள் முழுக்க வீண். பெயரை நம்பி (நக்கிள் என்றால் விரல் முட்டி) விரல் முட்டிகளைப் பந்தின் மேல் அழுத்தி வீசியது, விலை குறைவு என்று செயற்கைத் தோல் பந்துகளை வாங்கிக் குவித்தது, அனுமதிச் சீட்டு இல்லாமல் மைதானத்துக்குப் போய்த் திரும்பி வந்தது, நகம் உடைந்து மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் அந்த ஐந்து மாதங்களுக்குள் நடந்தவை. வேலை நிமித்தம் அமெரிக்காவின் நியூஜெர்சிக்கு வந்து, வார இறுதிகளில் உள்ளூர் அணி ஒன்றில் ஆடத் தொடங்கிய 38 வயதுக்காரன் நான்; பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஆகும் அளவுக்கு என் தோளில் வேகம் இல்லை என்பது முதல் நாள் பயிற்சியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என்னைப் போலவே தாமதமாக இந்த ஆட்டத்துக்கு வந்து, இந்தப் பந்தைப் பழக நினைப்பவர்களுக்கு அதே அலைச்சல் வேண்டாம் என்பதால் வரிசைப்படி எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நக்கிள்பாலை அசைப்பது காற்று. சுழலாமல் அதைக் கையிலிருந்து அனுப்புவது மட்டும்தான் உங்கள் பொறுப்பு. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். இந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் பந்து அரைச் சுற்று முதல் ஒன்றரைச் சுற்று வரை மட்டும் மெல்லத் திரும்பினால், தையல் உள்ள பக்கமும் வழவழப்பான தோல் உள்ள பக்கமும் காற்றை வெவ்வேறு விதமாக விலக்கும். அதனால் பந்து ஒரு பக்கமாகத் தள்ளப்படும். தையல் இடம் மாற மாறத் தள்ளும் திசையும் மாறும். நான்கைந்து சுற்று சுழன்றுவிட்டால் இந்தத் தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ள, மெதுவாகவும் நேராகவும் வரும் ஒரு பந்துதான் மிஞ்சும். எந்த பேட்டரும் அதைத் தவறவிட மாட்டார்.

1. இது உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

வயது தடையில்லை. ஃபில் நீக்ரோ இந்தப் பந்தை வைத்துக்கொண்டு 48 வயது வரை அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் ஆடி 318 வெற்றிகளைச் சேர்த்தார். டிம் வேக்ஃபீல்டை அணியில் எடுத்தபோது அவர் முதல் பேஸ் (பேட்டர் ஓடிச் சேர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) ஆட்டக்காரர். பிட்சராக மாறியது அதற்குப் பிறகுதான். ஆர். ஏ. டிக்கி 2012-இல், ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றபோது அவருடைய வலது முழங்கையில் மற்ற பிட்சர்கள் அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றிக்கொள்ளும் அந்தத் தசைநாரே இல்லை.

வேகம் ஓரளவு தேவைப்படுகிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் நக்கிள்பால் பெரும்பாலும் மணிக்கு 60 முதல் 70 மைல் வேகத்தில் வரும். டிக்கியுடையது 75-ஐயும் தாண்டியது. வார இறுதி ஆட்டங்களுக்கு 55 மைல் இருந்தால் போதும் என்பது என் அனுபவம். மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு வீசுவதால் உங்கள் வழக்கமான வேகத்தில் பத்துப் பதினைந்து மைல் குறையும். எனவே சாதாரணமாக 65 முதல் 70 மைல் வீசக்கூடியவர் தாராளமாகத் தொடங்கலாம். பேட்டிங் கூண்டு வைத்திருக்கும் உள்ளரங்குகளில் வேகமானி இருக்கும். கேட்டால் ஐந்து நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள்.

தோள் வலியோடு மட்டும் தொடங்காதீர்கள். மெதுவான பந்து என்றால் தோளுக்குச் சிரமம் இருக்காது என்று நினைத்து, பழக்கமில்லாத கையை ஒரே நாளில் நூறு முறை சுழற்றினால் என்ன ஆகும் என்பதை நான் இயன்முறை சிகிச்சையாளரிடம் பணம் கட்டித் தெரிந்துகொண்டேன்.

2. நகத்தைத் தயார் செய்யுங்கள்

பந்தைக் கையில் எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நக்கிள்பாலை இன்று வீசுபவர்கள் பிடிப்பது நகத்தால். முட்டி என்பது பெயரில் மட்டும் தங்கிப்போனது. ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகம் சதையைத் தாண்டி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் விரல் நுனிச் சதை பந்தைத் தொட்டுச் சுழற்றிவிடும். அதைவிடக் கூடினால் அழுத்தும்போது நகம் வளைந்து, அடிப்பகுதியில் வெள்ளைக் கோடாக விரிசல் விடும்.

நகவெட்டியை இந்த இரண்டு விரல்களுக்கு இனிமேல் பயன்படுத்தாதீர்கள். வெட்டி கடித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிளவு உண்டாகி, பத்து நாள் கழித்துப் பந்தை அழுத்தும்போது அங்கேதான் கிழியும். நகம் தேய்க்கும் அட்டை அரத்தை வாங்கி, முன்னும் பின்னும் இழுக்காமல் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முனையை நேர்கோடாக வைத்துக்கொண்டு, இரண்டு ஓரங்களை மட்டும் துணியில் மாட்டாத அளவுக்கு மழுக்குங்கள். பிறை போல வளைத்துத் தேய்த்தால் பந்தில் நகத்தின் நடுப்புள்ளி மட்டுமே படும். பிடி ஆட்டம் காணும்.

குளித்த உடனேயும் பாத்திரம் கழுவிய உடனேயும் நகம் ஊறி மெத்தென்று இருக்கும். அப்போது பயிற்சி செய்யக் கூடாது. வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்தான் என்பதால் ரப்பர் கையுறை வாங்கினேன். இரவில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை நகத்தின் அடியில் தேய்த்துக்கொள்வது வறட்சியால் வரும் வெடிப்பைத் தடுக்கிறது. நியூஜெர்சியின் குளிர்காலத்தில் அறைச் சூடேற்றி ஓடிக்கொண்டிருக்கும்போது இது மிகவும் அவசியம். என் நடுவிரல் நகம் உடைந்தது மைதானத்திலேயே இல்லை. சமையலறையில் இட்லி மாவு டப்பாவின் மூடியை நெம்பியபோது உடைந்தது. நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான் வளரும் என்பதால், ஒரு மூடிக்கு மூன்று வாரப் பயிற்சியைக் கொடுத்தேன். கரண்டியால் நெம்புங்கள்.

நகத்தை உறுதியாக்கும் நிறமில்லாப் பூச்சு கடைகளில் கிடைக்கிறது. பயிற்சியில் பூசிக்கொள்ளலாம். ஆட்டத்தின்போது பிட்சர் விரலில் எதையும் ஒட்டவோ பூசவோ விதிகள் இடம் தருவதில்லை. சந்தேகம் இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன் நடுவரிடம் கையைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. அரத்தையும் பையிலேயே விட்டுவிட்டு மேட்டுக்குப் போங்கள். ஃபில் நீக்ரோவின் தம்பி ஜோ நீக்ரோ 1987-இல் ஆட்டத்தின் நடுவே நடுவர்கள் சோதித்தபோது, பின்பையிலிருந்து அட்டை அரம் பறந்து விழுந்து, 10 ஆட்டங்களுக்குத் தடை வாங்கினார். நகம் தேய்க்கத்தான் வைத்திருந்தேன் என்று அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை.

3. சரியான பந்துகளை வாங்குங்கள்

விதிப்படியான பந்தின் எடை 5 முதல் 5¼ அவுன்ஸ். சுற்றளவு 9 முதல் 9¼ அங்குலம். மேலே 108 இரட்டைத் தையல்கள். கடையில் வாளியோடு விற்கும் மலிவான பந்துகளுக்கும் எடையும் அளவும் இதேதான் இருக்கும்; மேலே உள்ளது மட்டும் செயற்கைத் தோல். அதில் நகம் பதியாமல் வழுக்கும். நான் முதலில் வாங்கிய முப்பது பந்துகளும் இப்போது கார் நிறுத்தும் கொட்டகையில் கிடக்கின்றன.

உண்மையான தோல் போர்த்திய பந்து ஒரு டஜன் இருந்தால் போதும். புதுப் பந்தின் தோலில் மெழுகு போன்ற வழவழப்பு இருக்கும். ஈர மண்ணை உள்ளங்கையில் குழைத்துத் தேய்த்து அதை எடுத்துவிடுங்கள். மேஜர் லீக்கிலும் ஆட்டத்துக்கு முன் பந்துகளுக்குச் சேறு தேய்த்துத்தான் கொடுக்கிறார்கள். உங்கள் லீக் எந்த வகைப் பந்தில் ஆடுகிறதோ அதே வகையில் பழகுவது முக்கியம். தையல் புடைத்த பந்தும் தையல் படிந்த பந்தும் நகத்துக்கு வெவ்வேறாகத் தெரியும், காற்றிலும் வெவ்வேறாக நடந்துகொள்ளும்.

ஒவ்வொரு பந்திலும் தடித்த கறுப்பு மை எழுதுகோலால் நடுவில் ஒரு வளையம் வரைந்துகொள்ளுங்கள். இதன் பயன் ஆறாம் படியில் வரும்.

4. பிடியைப் பழகுங்கள்

பந்தைத் திருப்பிப் பார்த்தால் தையல் ஓரிடத்தில் குதிரை லாடம் போல வளைந்திருக்கும். லாடத்தின் வளைவுக்குச் சற்று உள்ளே, தையலின் மேல் படாமல் தோலில் மட்டும் படும்படி, ஆட்காட்டி விரல் நகத்தையும் நடுவிரல் நகத்தையும் அருகருகே ஊன்றுங்கள். கட்டைவிரல் பந்தின் கீழ்ப்பக்கம் ஓரமாகவும், மோதிர விரல் எதிர்ப்பக்க ஓரத்திலும் தாங்க வேண்டும். சுண்டுவிரலுக்கு வேலையில்லை. பந்துக்கும் உள்ளங்கைக்கும் இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் பந்தை மிக உள்ளே பிடித்திருக்கிறீர்கள்.

எவ்வளவு அழுத்துவது என்பதுதான் சொல்லில் அடங்காத பகுதி. நான் கண்டுபிடித்த வழி இது: பிடித்து, ஐந்து வரை எண்ணி, விரலை எடுத்துவிட்டுத் தோலைப் பாருங்கள். இரண்டு சிறிய பிறைத் தடங்கள் தெரியும். இரண்டும் ஒரே ஆழத்தில், ஒரே கோட்டில், சில நொடிகளில் மறையும் அளவுக்கு லேசாக இருந்தால் பிடி சரி. ஒரு பிறை மட்டும் ஆழமாக இருந்தால் பந்து அந்தப் பக்கமாகச் சாய்ந்து சுழலும். பல மாதங்கள் என் நடுவிரல் பிறைதான் ஆழமாக இருந்தது. அந்த நகம் அரை மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டிருந்ததைக் கவனிக்காமல் தோளையும் கால் வைப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று விரல் நகங்களால் பிடிப்பவர்களும் உண்டு. கை சிறியதாக இருந்தால் முயன்று பாருங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு மாதமாவது மாற்றாமல் இருக்க வேண்டும். வாரம் ஒரு பிடி என்று அலைந்தால் எந்தத் தவறு எதனால் வருகிறது என்பதே தெரியாமல் போகும்.

அலுவலகத்தில் மேசை மேல் ஒரு பந்தை வைத்துக்கொண்டு, தொலைபேசிக் கூட்டங்களின்போது பிடித்துப் பிடித்து விடுங்கள். பார்க்காமலேயே லாட வளைவைத் தேடி நகம் ஊன்ற வர வேண்டும், ஏனென்றால் ஆட்டத்தில் பந்து கையுறைக்குள் மறைந்திருக்கும்.

5. வீச்சைக் கிட்டத்திலிருந்து கட்டியெழுப்புங்கள்

எந்தப் பந்தை வீசினாலும் கடைசி நொடியில் மணிக்கட்டு முன்னே மடங்கி, விரல்கள் பந்தின் முதுகில் கீழ்நோக்கி வழுக்கிச் சுழற்றிவிடும். அது உடம்பின் இயல்பு. நக்கிள்பாலில் அந்த இயல்பை அடக்க வேண்டும். மணிக்கட்டை விறைப்பாகப் பூட்டி வைத்து, முன்கையும் மணிக்கட்டும் ஒரே கட்டையாக முன்னே செல்ல, விடும் நேரத்தில் இரண்டு நகங்களும் பந்தை மெல்ல முன்னே தள்ள வேண்டும். எல்லா விரல்களும் ஒரே கணத்தில் பந்தை விட்டு விலக வேண்டும்.

முதலில் ஐந்து மீட்டர் தூரத்தில் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிக்கொண்டு வீசுங்கள். கால்களுக்கு வேலை இல்லாததால் கவனம் முழுவதும் மணிக்கட்டில் இருக்கும். பத்துக்கு ஆறு பந்துகள் சுழலாமல் போகும் வரை தூரத்தைக் கூட்டாதீர்கள். பிறகு ஒன்பது மீட்டரில் நின்றுகொண்டும், பதின்மூன்று மீட்டரில் அடி எடுத்து வைத்தும், கடைசியாக 18.44 மீட்டரில் மேட்டின் மேலிருந்தும் வீசலாம். மேட்டுக்குப் போனதும் கணக்கு மீண்டும் பத்துக்கு ஒன்றாகச் சரியும். அதை எதிர்பார்த்தே போங்கள்.

முழுத் தூரத்துக்கு வந்தவுடன் வேகமாக வீசும் ஆசை வரும். அங்கேதான் பலரும் விட்டுவிட்டுப் போகிறார்கள். வேகம் கூடியதும் உடம்பு பக்கவாட்டில் சாயும், கை வெளியே வீசும், மணிக்கட்டு தானாக மடங்கும். இதற்கு எனக்கு உதவிய உத்தி கதவு நிலை. உங்களைச் சுற்றி வாசல் நிலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, கையும் காலும் தோளும் இருபக்க மரத்திலும் இடிக்காமல் நிலைக்குள்ளேயே முன்னே போக வேண்டும். அடியைக் குட்டையாகவும் நேராகவும் வையுங்கள். பந்தை விடும்போது நெஞ்சு, ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரைப் பார்த்திருக்கட்டும். முக்கால் வேகம்தான் உங்கள் முழு வேகம்.

கிரிக்கெட் ஆடி வந்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அங்கேயும் நக்கிள் பால் என்ற பெயரில் ஒன்று உண்டு. 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் அதைக் கொண்டு விக்கெட் எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். அது வேகத்தைக் குறைத்து மட்டையாளரை முந்தி ஆட வைக்கும் பந்து. தரையில் பட்டு வரும். அந்தப் பிடியை இங்கே கொண்டுவந்தால் காற்றில் எதுவும் நடக்காது. விரல் சுழல் பந்து வீசியவர்களுக்கு இன்னும் சிரமம்: நான் கல்லூரியில் ஆஃப் ஸ்பின் வீசியவன், பந்தை விடும்போது ஆட்காட்டி விரல் தன்னிச்சையாகத் திருகும் பழக்கம் போக நான்கு மாதங்கள் ஆயின. முழங்கையை மடக்காமல் வீசும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இங்கே மடக்கி வீசத் தடையில்லை, மடக்காவிட்டால் தோள்தான் பாதிக்கப்படும்.

6. சுழற்சியை எண்ணுங்கள், அசைவை எண்ணாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து காற்றில் துள்ளியதா என்று பார்ப்பது ஏமாற்றும். காற்றே இல்லாத நாளில் அருமையாக விட்ட பந்தும் நேராகப் போகலாம். அரைகுறையாகச் சுழன்ற பந்து தற்செயலாக விலகிப் போகலாம். சுழற்சி மட்டும்தான் உங்கள் கையில் இருப்பது. ஆகையால் அதையே அளக்க வேண்டும்.

65 மைல் வேகப் பந்து கையை விட்டு ஹோம் பிளேட்டை அடைய ஏறத்தாழ 0.6 வினாடி ஆகும். கைப்பேசியில் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்ட வசதியை வைத்துக்கொண்டு, பிட்சருக்குப் பின்னால் முக்காலியில் நிறுத்திப் பதிவு செய்யுங்கள். மூன்றாம் படியில் வரைந்த கறுப்பு வளையம் எத்தனை முறை திரும்புகிறது என்பது துல்லியமாகத் தெரியும். ஒவ்வொரு பயிற்சியிலும் ஐம்பது பந்துகள். ஒன்றரைச் சுற்றுக்குள் அடங்கியவை எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். நகப் பிடிக்கு மாறிய முதல் வாரத்தில் என் பக்கத்தில் 4 என்றும், நான்காம் மாதத்தில் 17 என்றும், ஒன்பதாம் மாதத்தில் 31 என்றும் இருக்கிறது. நடுவில் ஆறு வாரம் 12-இலேயே நின்றதும் அதில் இருக்கிறது. அந்த எண்கள் இல்லாதிருந்தால் அப்போதே விட்டிருப்பேன்.

சுழலும் திசையே தவறைச் சொல்லிவிடும். வளையத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கி வந்தால் மணிக்கட்டு மடங்கி விரல்கள் கீழே வழுக்கியிருக்கின்றன. மேல்பக்கம் கேட்சரை நோக்கி உருண்டால் நகங்கள் அளவுக்கு மீறித் தள்ளியிருக்கின்றன. பக்கவாட்டில் பம்பரம் போலத் திரும்பினால் கட்டைவிரலோ மோதிர விரலோ தாமதமாக விலகியிருக்கிறது.

7. கேட்சரைத் தேடிப் பிடியுங்கள், அவரைக் காப்பாற்றுங்கள்

நகத்துக்கு அடுத்தபடியாக எனக்குக் கிடைக்கச் சிரமமாயிருந்தது இதுதான். இந்தப் பந்தைப் பிடிக்க யாருக்கும் விருப்பமில்லை. எங்கே வரும் என்பது வீசியவனுக்கே தெரியாதபோது பிடிப்பவர் பாடு சொல்ல வேண்டியதில்லை. 2006-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் வேக்ஃபீல்டின் பந்துகளுக்குப் புதிய கேட்சராக வந்த ஜாஷ் பார்ட், ஐந்து ஆட்டங்களில் 10 பந்துகளைத் தவறவிட்டார். பொறுக்க முடியாமல் அணி நிர்வாகம் பழைய கேட்சர் டக் மிரபெல்லியைத் திரும்ப வாங்கியது. மே 1 அன்று விமானத்தில் வந்து இறங்கியவர், போலீஸ் வண்டி வழிகாட்ட, காருக்குள்ளேயே சீருடை மாற்றிக்கொண்டு அன்றிரவு ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

உங்கள் அணிக்கு அந்த வசதி இருக்காது. எனவே கேட்சருக்கு உரிய பெரிய கையுறையை உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள். மேஜர் லீக் விதிப்படி கேட்சர் கையுறையின் சுற்றளவு 38 அங்குலத்தையும் மேலிருந்து கீழாக 15½ அங்குலத்தையும் தாண்டக் கூடாது. பெரிய பந்தில் ஆடும் சாஃப்ட்பாலுக்கான கேட்சர் கையுறைகள் வழக்கமான பேஸ்பால் கையுறையைவிடப் பெரியவை என்பதால் அவற்றில் ஒன்று பொருந்தும். பயிற்சியிலும் முகமூடி, தொண்டைக் காப்பு, மார்புக் கவசம், கீழ்க் கவசம் நான்கும் இல்லாமல் அவரை உட்கார விடாதீர்கள். மெதுவான பந்துதானே என்று முகமூடி இல்லாமல் உட்கார்ந்த என் நண்பருக்குக் கண்ணுக்கு மேல் புருவத்தில் மூன்று தையல். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனால் அவருடைய மனைவி என்னோடு பேசுவது குறைந்துவிட்டது.

கேட்சருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: பந்தைத் தேடிக் கையை நீட்டாமல், கடைசி வரை காத்திருந்து, கிட்டே வந்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் கிடைக்காத நாட்களில் வலையில் வீசலாம். வலையை மட்டும் நம்பியிருந்தால் பந்து கடைசி இரண்டு மீட்டரில் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமலேயே போகும்; வாரத்தில் ஒரு நாளாவது ஆள் வேண்டும்.

8. ஆவணங்களும் இடமும்

பெரியவர்களுக்கான லீக்குகள் வயதுப் பிரிவு வைத்திருக்கின்றன. நாடு முழுவதும் கிளைகள் உள்ள மென்ஸ் சீனியர் பேஸ்பால் லீக்கில் 18, 25, 35, 45 வயதுக்கு மேற்பட்டோர் என்று பிரிவுகள் உண்டு. பதிவு செய்யும்போது பிறந்த தேதி உள்ள அடையாள அட்டையும், காயம் பட்டால் லீக்கைப் பொறுப்பாக்க மாட்டேன் என்ற உறுதிமொழியில் கையொப்பமும் கேட்பார்கள். கையொப்பமிடும் முன் உங்கள் மருத்துவக் காப்பீட்டில் அவசரச் சிகிச்சைக்கு நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று பார்த்துவிடுங்கள். பதிவுகள் பல இடங்களில் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிந்துவிடுகின்றன. ஏப்ரலில் வெயில் வந்த பிறகு தேடினால் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும்.

மைதானம் காலியாகக் கிடந்தாலும் யாருக்கோ ஒதுக்கப்பட்டதாக இருக்கும். நானும் நண்பரும் ஒரு சனிக்கிழமை காலை பந்து வாளியோடு மேட்டில் ஏறி, நான்காவது பந்து வீசுவதற்குள் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் அனுமதிச் சீட்டோடு வந்து நின்றார்கள். பல நகராட்சிகளில் பூங்காத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முகவரிச் சான்று, குழுவாக ஆடுவதானால் காப்பீட்டுச் சான்றிதழ் இரண்டும் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழை லீக்கே கொடுக்கும். கேட்டு வாங்க எனக்கு இரண்டு வாரம் ஆனது, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை விசாவில் இருப்பவர்கள் காசு வாங்காமல் ஆடுவதில் சிக்கல் இல்லை. யாராவது பயிற்சியளிக்கவோ பந்து வீசிக் கொடுக்கவோ பணம் தருவதாகச் சொன்னால், ஐம்பது டாலராக இருந்தாலும், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

9. செலவும் காலமும்

முதல் ஆண்டில் எனக்கு ஆன செலவு இது. லீக் கட்டணமும் சீருடையும் சேர்த்து 340 டாலர், தோல் பந்துகள் ஒரு டஜன் 62, கேட்சர் கையுறை 145, வலை 90, முக்காலியும் அரங்களும் 30. பெரிய செலவு குளிர்கால உள்ளரங்கு: மணிக்கு 40 டாலர், நண்பரோடு பாதிப் பாதி, பதினாறு வாரம். செயற்கைத் தோல் பந்துகளுக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் போனதை இங்கே சேர்க்கவில்லை. உள்ளரங்கில் மதிய நேரத்தில் கட்டணம் குறையும். ஒரு மணி நேரத்துக்குப் பதில் அரை மணி கேட்டாலும் தருவார்கள். ஐம்பது பந்துகளுக்கு அரை மணி தாராளம்.

காலத்தை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் நகம் வளர்க்கத் தொடங்கி, அக்டோபர் முழுவதும் பிடியும் ஐந்து மீட்டர் வீச்சும். நவம்பரிலிருந்து மார்ச் வரை உள்ளரங்கில் வாரம் மூன்று நாள். ஏப்ரலில் வெளியில் மேட்டின் மேல். முதல் ஆண்டு ஆட்டங்களில் ஓரிரு இன்னிங்ஸ், அதுவும் அணி நன்றாக முன்னிலையில் இருக்கும்போது கேட்டு வாங்கி வீசுங்கள்.

10. முதல் ஆட்டத்தில்

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கொடியைப் பாருங்கள். முகத்தில் லேசாக அடிக்கும் காற்று உங்களுக்கு நல்லது. முதுகுக் காற்றில் பந்து சோம்பலாகப் போகும். குறி எப்போதும் நடுவில், கேட்சரின் முகமூடிக்கு. ஓரம் பார்த்து வீசும் வேலையைப் பந்தே செய்துகொள்ளும்.

வழக்கமான வேகப் பந்தைப் பத்துக்கு ஒன்று இரண்டாவது கலந்து வீசுங்கள். மூன்று பந்து வெளியே போன நிலையில், நான்காவதும் போனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போய்விடுவார் என்பதால், அது கைகொடுக்கும். பேஸில் ஓட்டக்காரர் இருந்தால், நீங்கள் வீசும் நேரத்தில் அடுத்த பேஸுக்குத் திருடி ஓடுவார். மெதுவான பந்துக்கு அதுதான் விலை. காலை உயரத் தூக்காமல் சட்டென்று அடி வைத்து வீசிப் பழகினால் ஓரளவு தடுக்கலாம்.

ஆட்டத்துக்கு முன் கேட்சரோடு சேர்ந்து ஒரு விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பேட்டர் அடிக்கத் தவறும் பந்து ஸ்டிரைக்; மூன்று ஆனால் அவர் அவுட். ஆனால் அந்த மூன்றாவது ஸ்டிரைக்கைக் கேட்சர் பிடிக்காமல் விட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தாலோ இரண்டு பேர் அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் ஓடலாம். என் முதல் ஸ்டிரைக் அவுட்டில் பந்து பேட்டருடைய மட்டைக்குக் கீழே அப்படியே சரிந்து இறங்கியது. நான் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். பந்து கேட்சரின் கால் கவசத்தில் பட்டு வேலி வரை உருண்டது. பேட்டர் முதல் பேஸில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கணக்கில் எனக்கு ஒரு ஸ்டிரைக் அவுட் எழுதப்பட்டது, அவருக்கு ஒரு பேஸ் கிடைத்தது. ஆகவே மூன்றாவது ஸ்டிரைக்குப் பிறகு கொண்டாடாமல் முதல் பேஸ் பக்கம் ஓடத் தயாராக இருங்கள். இன்னிங்ஸ் முடிந்து இருக்கைக்குத் திரும்பியதும் இரண்டு நகங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.